ஒன்றாம் அடுக்கு

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்ட குழிக்குள் நறுமுகை முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டியோ துடைப்பமோ இல்லை. விரல்களில் மெல்லிய உணர்வுறைகள் மட்டும். குழியின் சுவரை அவள் மெதுவாகத் தடவியதும் சாம்பல்நிற மண் விலகி, அடியில் கிடந்த சிப்பிக் குவியல் தெரிந்தது. ஒரு சிப்பியைத் தொட்டாள். அது எந்த ஆண்டு எந்த ஆழத்தில் கிடைத்தது, இப்போது எந்த அருங்காட்சியகத்தின் எந்தப் பெட்டியில் உறங்குகிறது என்று காதருகே ஒரு குரல் சொன்னது.

குழி இருந்தது கடற்கரையில் அல்ல. திருநெல்வேலியில், தொல்லாவண இணைக்களத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்.

தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட முடியாது. அகழாய்வின் பழைய சங்கடம் அது. தோண்டி முடித்த பிறகு எஞ்சுவது மண் அல்ல, மண்ணைப் பற்றி எழுதிவைத்தவை மட்டும்தான். மீள்குழி என்ற இயந்திரம் அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. பழைய குறிப்பேடுகள், கட்டத்தாளில் வரைந்த படங்கள், பூஞ்சை பிடித்த புகைப்படச் சுருள்கள், பானையோட்டு அட்டைகள் எல்லாவற்றையும் அதற்கு ஊட்டினால், அழிந்த குழியை அடுக்கடுக்காக மறுபடி எழுப்பித் தரும். யார் வேண்டுமானாலும் உள்ளே இறங்கி மீண்டும் தோண்டிப் பார்க்கலாம்.

ஊட்டுவதுதான் பெரும்பாடு. குறிப்பேடு ஒரு பேராசிரியரின் பேரன் வீட்டுப் பரணில் இருக்கும். படச்சுருள் வேறு ஊரில் ஒரு கல்லூரி பீரோவில் இருக்கும். ஒரு குழுவினர் 'க.சி.' என்று எழுதினால் கருப்பு சிவப்புப் பானை. இன்னொரு குழுவினருக்கு அதுவே கடல் சிப்பி. இது பிடிபடும்வரை மீள்குழி பானைகளையெல்லாம் சிப்பிகளாகக் குவித்துக்கொண்டிருந்தது. இணைக்களத்துக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சி, கையெழுத்து வாங்கி, தென்கரை முழுவதன் பழைய அகழாய்வுகளையும் ஒன்றாக இணைத்திருந்தார்கள். 1984-இல் தோண்டப்பட்ட சிப்பித்துறை அதில் ஒன்று. அதை எழுப்பும் பொறுப்பு நறுமுகையுடையது.

"எம்மா, உள்ள வரலாமா? செருப்பக் கழட்டணுமா?"

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, வெயிலில் காய்ந்த முகம், குரலில் மட்டும் கட்டளையிட்டுப் பழகிய உரம். தூத்துக்குடி மிதவைக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி கித்தேரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

"சிப்பித்துறைய எடுத்து வச்சிருக்கியளாமே. எங்க ஊரு அது. பாக்கணும்."

நறுமுகைக்கு மகிழ்ச்சி. உறைகளை மாட்டிவிட்டுக் குழிக்குள் அழைத்துப்போனாள். முத்துக் குளித்தவர்கள் இடுப்பில் கட்டிய கல், கடல் கடந்து வந்த வழவழப்பான தட்டு, செங்கல் சுவரின் ஒரு மூலை என ஒவ்வொன்றாகக் காட்டினாள். கித்தேரி பொறுமையாகப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தி, குழியின் விளிம்புக்கு மேலே இருந்த வெறும் நீல வானத்தைக் காட்டினாள்.

"இதுக்கு மேல என்ன இருந்துச்சு?"

"மேலேன்னா?"

"தரையில. குழிய வெட்டுனாவள்லா, அந்தத் தரையில."

"அது ஒன்றாம் அடுக்குங்க அக்கா. குலைஞ்ச மண்ணு. உடைஞ்ச வளையல், சோடா பாட்டில் கோலி, துருப்பிடிச்ச தகரம்... ஆய்வுக்கு உதவாது. அதை நீக்கிட்டுத்தான் காட்டுவோம்."

கித்தேரி அவளையே பார்த்தாள். கோபப்படவில்லை.

"அந்தக் குலைஞ்ச மண்ணுலதாம்மா எங்க ஆளுக குடியிருந்தாவ."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். குழி மூடப்பட்ட இரண்டாவது ஆண்டில் வந்த புயலில் சிப்பித்துறை கடலோடு போயிற்று. பிழைத்தவர்கள் சாலையோரத்தில் குடிசை போட்டார்கள். கடல் மட்டம் ஏற ஏற அந்தச் சாலையும் போனது. கடைசியில் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மிதவை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது கரைமீட்பு வாரியம் கடலுக்குள் பெருஞ்சுவர் எழுப்பி, தண்ணீரை இறைத்து, மூழ்கிய நிலத்தை வெளியே எடுத்திருந்தது. மூழ்குவதற்கு முன் அங்கே குடியிருந்தவர்களின் வழியினருக்கு நிலம் திரும்பக் கிடைக்கும் என்பது சட்டம். ஆனால் சிப்பித்துறை புறம்போக்கு. பட்டா கிடையாது, வரி ரசீது கிடையாது, வரைபடத்தில் பெயர் கிடையாது. அங்கே ஊரே இருந்ததில்லை என்று வாரியம் எழுதிவிட்டது. அந்த இடம் சூரியமின் வயலுக்குப் போகப்போகிறது.

"நாங்க சொல்லுறத யாரும் நம்ப மாட்டேங்கிறாவ. வெளியூர்ல இருந்து வந்து படம் புடிச்சது ஒங்க ஆளுக மட்டுந்தான். அதான் வந்தேன்."

நறுமுகை குழியின் மேலிருந்த நீல வானத்தை நிமிர்ந்து பார்த்தாள். மீள்குழியில் எல்லோரும் மெச்சிய பகுதி ஆள்நீக்கி. அதை எழுதியவள் அவள்தான். அகழாய்வுப் படங்களில் எப்போதும் யாராவது குறுக்கே நிற்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள், ஆடு, காயும் வலை, பின்னால் ஒரு வீட்டின் ஓலைக்கூரை. ஆள்நீக்கி அத்தனையையும் துடைத்துவிட்டு, மண்ணை மட்டும் பளிச்சென்று வைக்கும்.

அசல் படங்கள் கிடங்கில் பத்திரமாக இருந்தன. அவள் ஆள்நீக்கியை நிறுத்தினாள்.

நீல வானம் கலைந்தது. குழியின் நான்கு விளிம்புகளிலும் கால்கள் முளைத்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்த சிறுவர்கள், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், பீடியைக் காதில் செருகிய ஒரு கிழவர். அவர்களுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, பத்து என்று கூரைகள். மணலில் கவிழ்த்த வள்ளங்கள். கட்டிய கயிற்றில் துணிகள்.

கித்தேரி குழியிலிருந்து ஏறி அந்த மனிதர்களுக்கு நடுவே போய் நின்றாள். பீடிக் கிழவரின் முகத்தருகே குனிந்தாள்.

"இவுகளப் பாரு. எங்க சின்னய்யா சாடை அப்படியே இருக்கு. இந்தக் காது எங்க வீட்டுக் காது." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எல்லாரும் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தாவளா, இத்தன நாளும்?"

நறுமுகை எழுதுபலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழியின் பக்கங்கள் துல்லியமாக அளந்தவை. நான்கு திசையிலிருந்தும் படங்கள் இருந்தன. குழியின் அளவு தெரிந்தால் படமெடுத்தவன் நின்ற இடம் தெரியும். அவன் நின்ற இடம் தெரிந்தால் பின்னால் உள்ள ஒவ்வொரு கூரையும் எத்தனை அடி தூரம் என்று கணக்கிடலாம். மீள்குழிக்கு அது சின்ன வேலை. மாலைக்குள் நாற்பத்தேழு வீடுகளும் இரண்டு கிணறுகளும் ஒரு சிலுவை மேடையும் கொண்ட ஊர் ஒன்று அறை முழுக்க எழுந்து நின்றது.

மறுநாள் இணைக்களத்தின் இயக்குநர் இளம்பரிதி அதைச் சுற்றி வந்து பார்த்தார். தென்கரைத் துறைமுகங்களைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். முகம் இறுகியிருந்தது.

"நம்ம வருஷ நிதியில பாதி வாரியம் குடுக்கிறது நறுமுகை. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சிப்பித்துறையைத் தோண்டின பேராசிரியரோட குடும்பம் இதை ஆய்வுக்குன்னுதான் குடுத்தாங்க."

"இல்ல சார். யார் வேணாலும் எதுக்கு வேணாலும் எடுத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டாங்க. அந்த வார்த்தையை விடக்கூடாதுன்னு நீங்கதான் பிடிவாதமா நின்னீங்க. அவங்க வீட்டு வாசல்ல ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னோம்."

இளம்பரிதி ஒரு ஓலைக்கூரையின் கீழ் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே வரும்போது குரல் மாறியிருந்தது.

"சாட்சி சொல்ல நீ போறியா, நான் போகட்டுமா?"

"ரெண்டு பேருமே போலாம் சார்."

தீர்ப்பாயம் தூத்துக்குடியில் கூடியது. மண்டபத்தின் நடுவே சிப்பித்துறை எழுந்தபோது மிதவைக்காரர்கள் வரிசைகளிலிருந்து ஒரு மூச்சு எழுந்தது. தலைமை வகித்த நீதிபதி, நரை கண்ட அம்மையார், தம் இருக்கையிலிருந்து இறங்கி வந்து ஊருக்குள் நடந்து பார்த்தார்.

வாரியத்தின் வழக்கறிஞர் தாண்டவராயன் எழுந்தார். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அதனாலேயே அஞ்சத்தக்கவர்.

"அம்மா, இந்தப் படங்கள்ல இருந்து ஆட்களை நீக்குற கருவியை எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்," என்றாள் நறுமுகை.

"ஆளே இல்லாத மாதிரி காட்டுவீங்க. பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாது."

"நீக்கத் தெரிஞ்ச கைக்குச் சேர்க்கத் தெரியாதா?"

தாண்டவராயன் எழுப்பப்பட்ட ஊரைச் சுட்டிக்காட்டினார். "இது இயந்திரம் கட்டின ஊர். அசல் படச்சுருள் இருக்குன்னு சொல்வாங்க. அதையும் இவங்கதான் வச்சிருக்காங்க. நேத்து வரைக்கும் இவங்க வெளியிட்ட சிப்பித்துறையில ஒரு ஆள் கிடையாது, ஒரு வீடு கிடையாது. இன்னிக்கு நாற்பத்தேழு வீடு. எந்தச் சிப்பித்துறையை நாங்க நம்பணும்?"

நறுமுகைக்கு முகம் சுட்டது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவள் தலை குனிந்து நின்றாள். அவள் பார்வை, எழுப்பப்பட்ட குழியின் அடித்தரையில் விழுந்தது. குழுவினர் கடைசியாக எடுத்த படம் அது. தரை முழுக்க நீலநிறத்தில் ஏதோ பளபளத்தது.

"ஐயா, அந்தக் குழியையே நம்புங்க," என்றாள்.

"எந்தக் குழி?"

"மண்ணுக்குள்ள இருக்கிறது. அகழாய்வு முடிஞ்சு குழியை மூடும்போது அடியில பாலித்தீன் விரிச்சு, அதுமேல மண்ணைத் தள்ளுவாங்க. பின்னாடி தோண்டுறவங்களுக்கு இதுவரைதான் தோண்டினோம்னு அடையாளம். கடல் எவ்வளவு சேற்றைப் போட்டிருந்தாலும் பாலித்தீன் மக்காது. தேரிக்காட்டுல இருக்கிற நில அளவைக் கல்லுல இருந்து அந்தக் குழிக்கு அப்பவே அளந்திருக்காங்க. அது மேடு, கடல் ஏறல. கல்லு இன்னும் இருக்கு. மீள்குழி சொல்ற இடத்துல தோண்டிப் பார்க்கலாம். விரிப்பு இருந்தா எங்க அளவு சரி. அளவு சரின்னா, அதே அளவுலதான் வீடுகளும் நிக்குது."

"விரிப்பு இருந்தா குழி இருந்ததுன்னுதான் ஆகும். வீடு?"

"வீட்டையும் தோண்டலாம். நாங்க சொல்ற வீடு வேண்டாம். நாற்பத்தேழுல ஒண்ணை நீங்களே சொல்லுங்க."

தாண்டவராயன் தம் தாள்களைப் புரட்டினார். நீதிபதி அம்மையார் அவர் பக்கம் திரும்பினார்.

"நல்ல யோசனையா இருக்கே, வக்கீல் சார். பயமா?"

தோண்டும் நாளில் பெருஞ்சுவரின் உள்பக்கம் திருவிழாக் கூட்டம். இறைத்து முடித்த கடல்தரை வெடித்துக் கிடந்தது. உப்பும் சேறும் செத்த பாசியும் கலந்த வாடை. மிதவைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, பாட்டன் பூட்டன் காலத்து ஊரின் மேல் எப்படி நடப்பதென்று தெரியாமல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மீள்குழி சொன்ன புள்ளியில் நறுமுகை நூல் கட்டினாள். இந்த முறை விரல்களில் உறை இல்லை. உண்மையான கரண்டி, உண்மையான மண். முதலில் கடல் விட்டுப்போன கருஞ்சேறு. பிறகு மணல். பிறகு கலப்பு மண், ஒருமுறை தோண்டி மறுபடி கொட்டிய மண் போலத் தளர்வாக. இளம்பரிதி வேட்டியை மடித்துக் கட்டி மண்கூடை சுமந்தார். இடுப்பளவு இறங்கியும் ஒன்றும் தென்படவில்லை. மார்பளவு இறங்கியபோது தாண்டவராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கரண்டி வழுக்கியது.

நறுமுகை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மண்ணை ஒதுக்கினாள். நீலம். சுருங்கி, வெளிறி, ஆனாலும் நீலம். அதன்மேல் 1984 என்று பொறித்த ஒரு ரூபாய் நாணயம். தோண்டியவர்களில் யாரோ காலக்குறியாகப் போட்டுவிட்டுப் போனது.

மேலே எழுந்த கூச்சலில் அவளுக்குக் காதடைத்தது. யாரோ அவளைக் கைப்பிடித்து மேலே தூக்கினார்கள். தாண்டவராயன் மட்டும் அசையவில்லை.

"அந்தக் கடைசி வீடு," என்று ஊரின் ஓரத்தில் தனியாக நின்ற ஒன்றைக் கைத்திரையில் காட்டினார். மிகச் சிறியது. ஒரே ஒரு படத்தில், பாதிக் கூரை மட்டும் தெரிந்த வீடு.

அது கடினமான தேர்வு. நறுமுகை மறுபேச்சின்றி அளந்தாள். அங்கே அவ்வளவு ஆழம் போகவேண்டியிருக்கவில்லை. முழங்காலளவில் சுண்ணாம்பும் இடித்த சிப்பியும் கலந்து அடித்த தரை வந்தது. தரையின் மூலையில் மூன்று அடுப்புக் கற்கள். கற்களுக்கருகே கவிழ்ந்து கிடந்தது ஓர் எவர்சில்வர் டம்ளர். நறுமுகை அதைத் தண்ணீரில் அலசினாள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. உரக்கப் படித்தாள்.

"ம. ரோ. வேதநாயகி."

கூட்டத்தில் ஒரு பெண் கையை உயர்த்தினாள். முப்பது வயதிருக்கும்.

"நாங்க வேதநாயகி வகையறா! எங்களை அப்படித்தான் சொல்லுவாவ. யாருன்னு எங்களுக்கே தெரியாது, பேரு மட்டுந்தான் தெரியும்." கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் பெயர் பிலோமி. டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், அருகில் நின்ற ஒருவரிடமிருந்து தண்ணீர் வாங்கி, அதில் ஊற்றி, எல்லோர் முன்னாலும் மடக்மடக்கென்று குடித்தாள்.

தாண்டவராயன் கூடத் தொப்பியைக் கழற்றினார். "எழுதிக்குங்க," என்றார் தம் உதவியாளரிடம். "வீடு இருந்தது."

தீர்ப்பு வந்த நாளில் மண்டபத்தில் நிற்க இடமில்லை. சிப்பித்துறை சிப்பித்துறையார்க்கே என்று நீதிபதி அம்மையார் படித்தார். அதோடு நிறுத்தாமல் மேலும் ஒரு பத்தி படித்தார். மண்ணடுக்குகளில் உயர்வு தாழ்வு கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுப் பானைக்கு உள்ள மதிப்பு நேற்றைய அடுப்புக்கும் உண்டு. ஓர் இடத்தின் மேலடுக்கில் வாழ்கிறவர்களே அதன் கீழடுக்குகள் அனைத்துக்கும் முதல் காவலர்கள். அவர்கள் இசைவின்றி அங்கே எவரும் தோண்டலாகாது. தோண்டினால் ஆவணம் முதலில் அவர்கள் கைக்கு வரவேண்டும்.

அந்தப் பத்திக்கு முதலில் கைதட்டியவர் இளம்பரிதி. எழுந்து நின்று தட்டினார்.

அதன்பின் இணைக்களத்தில் ஆள்நீக்கி கிடையாது. தென்கரையின் பழைய குழிகளின் விளிம்புகளிலெல்லாம் மனிதர்கள் திரும்பி வந்தார்கள். தம் ஊர்க் குழியைத் திறந்து பார்க்க எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்தன. அணை கட்டுவதற்காகக் காலி செய்யப்பட்ட ஊர்கள், ரயில் பாதைக்காகக் கலைக்கப்பட்ட தெருக்கள் எல்லாம் வழக்காடத் தொடங்கின, பலவும் வென்றன. வாரியம் நிதியை நிறுத்தியது. மூன்று மாதத்தில் வழக்கில் வென்ற ஊர்கள் கூடி அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தன. சிப்பித்துறையில் வீடுகள் எழுந்தன. அடித்தளம் தோண்டிய ஒவ்வொரு குடும்பமும் மண்ணை அடுக்கடுக்காகப் படமெடுத்து இணைக்களத்துக்கு அனுப்பியது. நறுமுகையின் அறையில் சிப்பித்துறை வாரத்துக்கு வாரம் வளர்ந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு காலையில், மீள்குழி தானாகவே ஒரு முடிவைச் சொன்னது. 1984-இல் கிடைத்த செங்கல் சுவரின் மூலையையும், புது வீடுகளின் அடித்தளப் பதிவுகளையும், தென்கரையின் மற்றத் துறைமுகங்களையும் சேர்த்துப் பார்த்து, அந்தச் சுவர் ஒரு பண்டகசாலையுடையது என்றது. எழுத்துப் பொறித்த சாடிகள் வரிசையாக நிற்கக்கூடிய அறை. இதுவரை யாரும் தொடாதது. இளம்பரிதி இளைஞராக இருந்த காலத்திலிருந்து தேடிவந்தது. அது இருக்கும் இடம், பிலோமி வீட்டு அடுக்களைக்குக் கீழே.

இருவரும் அன்றே சிப்பித்துறைக்குப் போனார்கள். கித்தேரி தெருமுனைவரை வந்து அழைத்துச் சென்றாள். பிலோமி வாசலிலேயே நின்றாள். உள்ளேயிருந்து குழம்பு கொதிக்கும் மணம்.

இளம்பரிதி விளக்கத் தொடங்கினார். கைத்திரையை விரித்தார். பிலோமி கையமர்த்தினாள்.

"அந்தச் சாடிகதானே சார்? எங்களுக்கும் தெரியும். ஆவணம் யாரும் எடுத்துப் பாக்கலாம்லா? போன மாசமே நாங்களா மீள்குழிகிட்ட கேட்டுப் பாத்துட்டோம். பிள்ளைக தெனமும் அந்தப் படத்துக்குள்ள இறங்கி எண்ணிட்டு வருதுக."

"போன மாசமே?" இளம்பரிதி கைத்திரையைத் தாழ்த்தினார். "அப்ப... தோண்ட அனுமதி குடுப்பீங்களா அம்மா? தமிழோட ரொம்பப் பழைய எழுத்து இருக்கலாம். உலகமே..."

"இருக்கட்டும் சார். ரெண்டாயிரம் வருசம் இருந்துருக்குல்ல. இப்பத்தான் அடுப்பு வச்சிருக்கோம்." பிலோமி நிதானமாகச் சொன்னாள். "சங்கத்துல பேசணும். எங்க வகையறால பேசணும். எங்க பிள்ளைக தோண்டப் படிக்கணும்னு சொல்லுதாவ. அவிய படிச்சு முடிக்கட்டும், சேந்து தோண்டுவோம்."

"அதுக்கு எத்தனை வருஷம்?"

"மூத்தது நாலாப்பு."

இளம்பரிதி கித்தேரியைப் பார்த்தார். கித்தேரி வானத்தைப் பார்த்தாள். அவர் நறுமுகையைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முயன்று தோற்றுப்போனாள். தாம் எழுந்து நின்று கைதட்டிய தீர்ப்பு அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கைத்திரையை மெதுவாகச் சுருட்டினார்.

"சரிதான்," என்றார். "கேட்காம தோண்டிட்டுப் போன கூட்டம் நாங்க. காத்து நிக்கிறோம்."

"நிக்க வேண்டாம்." பிலோமி வழிவிட்டாள். "உள்ள வாங்க சார். நீங்களும் வாங்கக்கா. தோண்டுறதுக்கு இல்ல, சாப்பிட."